வெளிநாட்டுப் பயணத்துக்கு அடாப்டர்: எதை வாங்குவது, எதை வீட்டிலேயே விட்டுப் போவது

பயண அடாப்டருக்கு ஒரே வேலைதான். நம் ஊர் பிளக்கை வேற்று நாட்டுச் சுவரில் பொருத்தித் தரும். மின்னழுத்தத்தை அது தொடுவதே இல்லை. இந்தியாவில் 230 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, ஜப்பானில் 100. அடாப்டரின் முதுகில் '100 முதல் 240 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தால், அவ்வளவு அழுத்தத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்றுதான் அர்த்தம். 120ஐ 230 ஆக்கித் தரும் என்று கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆகவே அடாப்டர் கடைக்குப் போகும் முன், பெட்டியில் வைக்கப்போகும் மின்பொருட்களை எல்லாம் ஒரு மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் திருப்பி, பொடி எழுத்தில் 'இன்புட்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். தேவைப்பட்டால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது உலகில் எங்கும் ஓடும். கைபேசி சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் எல்லாம் அநேகமாக இந்த வகைதான். டிரிம்மரும் ஷேவரும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் பார்த்துவிடுவது நல்லது. தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்குப் பயன்படுத்தும் சிபாப் கருவியின் பவர் சப்ளையும் வழக்கமாக எங்கும் ஓடக்கூடியது.

220-240 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹேர் டிரையர், மிக்ஸி, ரைஸ் குக்கர், ஒத்தடம் கொடுக்கும் ஹீட்டிங் பேட் இந்தப் பக்கம் வரும். கம்ப்ரஸர் வைத்த நெபுலைசரும் பல நேரம் இந்தப் பக்கம்தான். பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகும் பெற்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது இதைத்தான். அங்கே போய் இறங்கிய இரவில் மருந்துக் கருவி ஓடவில்லை என்றால் எந்த அடாப்டரும் கைகொடுக்காது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இலங்கை எல்லாமே 230 வோல்ட் பக்கம் என்பதால் அங்கெல்லாம் பின் மட்டும்தான் பிரச்சினை.

சூடாக்கும் பொருளும் சுழலும் பொருளும்

சூடாக்கும் கருவியின் திறன் வோல்ட்டின் இருபடியைப் பொறுத்து மாறும். இங்கே 1500 வாட் கெட்டிலை அமெரிக்காவில் 120 வோல்ட்டில் மாட்டினால் அது கிட்டத்தட்ட 400 வாட்தான் தரும். ஆபத்தில்லை. ஆனால் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். தலைகீழாக, அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட், 1500 வாட் ஹேர் டிரையரை இங்கே 230 வோல்ட்டில் சொருகினால் அது 5500 வாட் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சுருள் கருகும், பிளாஸ்டிக் உருகும். பரிசாக வாங்கி வருபவர்கள் டிரையரில் 110/220 மாற்றும் சுவிட்ச் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டும் முன் அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

மிக்ஸி, கிரைண்டர் விஷயம் வேறு. அவற்றை அமெரிக்காவில் 230 வோல்ட்டில் ஓட்ட, வோல்ட்டை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மோட்டார் கிளம்பும்போது அதிக மின்னோட்டம் இழுக்கும் என்பதால், கருவியின் வாட்டைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் எடுக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட். அது பல கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டி. அமெரிக்க வீட்டின் சாதாரண 15 ஆம்பியர் இணைப்பு மொத்தமே 1800 வாட்தான் தரும், தொடர்ந்து ஓட்டுவதற்கு 1440 வாட். வெட் கிரைண்டருக்கு இன்னொரு சிக்கல்: அதில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸை நம் ஊர் 50 ஆக்காது. கல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மோட்டாரும் அதற்கேற்பத் திணறும். இத்தனை பாடு எதற்கு? 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் அமெரிக்காவுக்கென்றே தயாரித்து இங்கும் அங்கும் விற்கிறார்கள். அதையே வாங்குங்கள்.

இருநூறு கிராம் எடையில், '2000 வாட் கன்வர்ட்டர்' என்று விற்கும் கைக்கடக்கமான பெட்டிகள் சூடாக்கும் பொருட்களுக்காக மட்டும் செய்தவை. அவை மின் அலையை வெட்டித்தான் அழுத்தத்தைக் குறைக்கின்றன. அதில் லேப்டாப்பையோ மருத்துவக் கருவியையோ மாட்டினால் கருவிதான் போகும்.

எந்த நாட்டுக்கு எந்தப் பின்

நம் லேப்டாப்பில் வருவது உருண்டையான மூன்று பின், 6 ஆம்பியர். டி வகை என்பார்கள். கைபேசி சார்ஜரில் வருவது மெல்லிய உருண்டை இரட்டைப் பின், சி வகை. யூஎஸ்பி டைப்-சி வேறு, இது வேறு. இந்த இரண்டையும் தனித்தனியாக யோசித்தால் பாதி செலவு மிச்சம்.

பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், துபாய், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன், சவூதி எல்லாவற்றிலும் சதுர மூன்று பின், ஜி வகை. இலங்கையிலும் இப்போது இந்த 13 ஆம்பியர் சதுரப் பின்தான் தேசியத் தரம். ஆனால் பழைய வீடுகளிலும் விடுதிகளிலும் நம் உருண்டைப் பின் சாக்கெட் இன்னும் இருக்கும், கொழும்பு போனாலும் யாழ்ப்பாணம் போனாலும் இரண்டுக்கும் தயாராகப் போங்கள். சவூதியில் பின் அதுவே என்றாலும் 60 ஹெர்ட்ஸ், வெட் கிரைண்டர் கொண்டுபோனால் கவனம்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் பக்கம் வட்டக் குழிக்குள் இரண்டு துளை, ஓரத்தில் எர்த் தகடு. பிரான்ஸ், பெல்ஜியம், போலந்தில் அதே குழி, ஆனால் எர்த் கம்பி சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் கைபேசி சார்ஜரின் மெல்லிய இரட்டைப் பின் இரண்டிலும் நேரடியாகப் போகும், இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும்கூட. கைபேசி மட்டும் கொண்டுபோகிறவருக்கு ஐரோப்பாக் கண்டத்தில் அடாப்டரே வேண்டாம். லேப்டாப்பின் மூன்று பின்னுக்குத்தான் வேண்டும். அதற்கு ஓரத் தகடும் எர்த் துளையும் சேர்ந்த, வட்ட முகமுள்ள அடாப்டரைக் கேளுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ் இரண்டுக்கும் ஒன்றே போதும். சுவிட்சர்லாந்தின் அறுகோணக் குழியில் அது போகாது. இத்தாலியிலும் பல சாக்கெட்டுகளில் போகாது, அங்கே நடுவில் எர்த் உள்ள நேர்வரிசை மூன்று பின்.

அமெரிக்கா, கனடாவில் தட்டையான இரண்டு தகடும் கீழே ஒரு எர்த் பின்னும். ஜப்பானில் பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு தகடு மட்டும். அமெரிக்க மூன்று பின் அடாப்டர் அங்கே உட்காராது. ஒரு தகடு மட்டும் அகலமாக உள்ள அமெரிக்க இரட்டைப் பின்னும் பழைய ஜப்பானியச் சாக்கெட்டில் தகராறு செய்யும். ஆகவே இரண்டு தகடும் ஒரே அகலத்தில் உள்ளதை எடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சாய்வான தகடுகள். தென்னாப்பிரிக்காவில் நம் 16 ஆம்பியர் பெரிய பின்னை ஒத்த சாக்கெட்டும் புதிய சிறு சாக்கெட்டும் கலந்தே இருக்கும்.

எர்த் இல்லாத அடாப்டர்

'150 நாடுகளுக்கு ஒன்றே' என்று விற்கும், பின்களைத் தள்ளி வெளியே எடுக்கும் கனசதுர அடாப்டர்கள்தான் அதிகம் விற்பவை. வசதிதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எர்த் தொடர்பு கிடையாது. பிரிட்டிஷ் பின்னில் மேலே நீளும் மூன்றாவது பின் பல மாடல்களில் வெறும் பிளாஸ்டிக். சாக்கெட்டுக்குள் இருக்கும் தடுப்பைத் திறக்க மட்டுமே அது பயன்படும்.

கைபேசி சார்ஜருக்கு எர்த் தேவையில்லை, அது இரட்டைக் காப்பு (இன்சுலேஷன்) உள்ளது. உலோக உடம்புள்ள லேப்டாப்பில்தான் வித்தியாசம் தெரியும். மூன்று பின் சார்ஜருக்குள் இருக்கும் மின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய கசிவு எர்த் வழியே போக வேண்டியது. எர்த் அறுந்தால் அது உடம்பில் தங்கும், மணிக்கட்டை வைத்தால் விறுவிறுவென்று இருக்கும். அந்த விறுவிறுப்பு ஆளைக் கொல்லாது. ஆனால் சார்ஜருக்குள் காப்பு பழுதானால் காப்பாற்ற எர்த் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற உலோகப் பொருட்களை எர்த் இல்லாத அடாப்டரில் மாட்டவே கூடாது.

இன்னொரு குறை: இவற்றில் பல நம் ஊர் மூன்று பின்னை ஏற்காது. முன்பக்கத் துளைகள் அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பின்களுக்கென்று வடிவமைத்தவை. நம் எர்த் பின் 7 மில்லிமீட்டர் தடிமன், அது எங்கே போகும்? இணையத்தில் படம் பார்த்து வாங்கியவர்கள் விமான நிலையத்தில் கண்டுபிடிப்பது இதைத்தான்.

கம்பியை மாற்றுவதே முதல் வழி

லேப்டாப்பைப் பொறுத்தவரை மிக நம்பகமான அடாப்டர், அடாப்டரே இல்லாமல் இருப்பது. சார்ஜர் செங்கல்லுக்கும் (அதன் கனமான பெட்டிக்கும்) சுவருக்கும் நடுவே கழற்றி மாட்டும் கம்பி இருக்கிறதே, அதை மட்டும் மாற்றுங்கள். செங்கல்லில் மூன்று வட்டம் ஒட்டியதுபோல் துளை இருந்தால் கடையில் 'மிக்கி மவுஸ்' கம்பி என்று கேட்டால் தெரியும். எட்டு வடிவத் துளை இருந்தால் அது எர்த் இல்லாத இரட்டைக் கம்பி. கணினி மானிட்டரில் வரும் பெரிய மூன்று துளை மூன்றாவது வகை. போகும் நாட்டின் பின் வைத்த கம்பி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். சிங்கப்பூரில் இறங்கி முஸ்தஃபா கடையிலும் வாங்கலாம். பிரிட்டிஷ் பின் கம்பி என்றால் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கும், மிக்கி மவுஸ் கம்பிக்கு வழக்கமாக 3 ஆம்பியர். எர்த் முழுதாக வரும், சுவரில் எடை தொங்காது, இடையில் தளர்வான இணைப்பும் இல்லை. சில நிறுவனங்களின் சார்ஜரில் பின் பகுதி மட்டும் கழன்றுவரும், அதற்கும் நாட்டுக்கேற்ற பின் கிடைக்கும்.

கைபேசி, கடிகாரம், காதில் மாட்டும் கருவி, லேப்டாப் எல்லாம் யூஎஸ்பி டைப்-சியில் ஏறுபவை என்றால் இன்னும் எளிது. மூன்று துளையுள்ள 65 வாட் GaN (காலியம் நைட்ரைடு) சார்ஜர் ஒன்றை எடுங்கள், பின்னை மாற்றும் வசதி உள்ளதாக. இரண்டு துளையில் மாட்டியதும் 65 வாட் பெரும்பாலும் 45, 20 என்று பிரியும். லேப்டாப்புக்கு 65ம் வேண்டுமென்றால் 100 வாட் மாடல் எடுக்க வேண்டிவரும். நிறுவனத்துக்கே உரிய அதிவேக சார்ஜிங் உள்ள கைபேசிகள் இதில் வேகம் குறைந்து ஏறும், கெட்டுப்போகாது. அடாப்டருக்குள்ளேயே வரும் யூஎஸ்பி துளைகள் வேறு விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் ஆம்பியர் எல்லாத் துளைக்கும் சேர்த்த கணக்கு. அந்தச் சின்ன உடம்புக்குள் சார்ஜரின் வெப்பமும் சேர்வதால் அதுவே முதலில் பழுதாகும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

உங்கள் லேப்டாப் பிளக்கையும் கைபேசி சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள். மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சொருகியதும் இறுக்கமாக உட்கார வேண்டும். அடாப்டரைக் கையில் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் சார்ஜர் விழக்கூடாது. எல்லா நாட்டுப் பின்னும் ஒரே துளையில் போகும் என்று பெருமையடிக்கும் அகலத் துளைகள்தான் எதையுமே இறுக்கமாகப் பிடிக்காதவை. உள்ளே மெல்லிய பித்தளைத் தகடு ஒரு கோட்டில் மட்டும் பின்னைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்து, ஒரு பின்னை மட்டும் துளையில் வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல அடாப்டரில் தடுப்பு திறக்காது. மலிவானதில் உள்ளே போய்விடும், வெளியே நிற்கும் மற்ற பின்னில் மின்சாரம் இருக்கும். தள்ளும் வகையில் ஒரு தொகுதிப் பின்னை வெளியே எடுத்த பிறகு இன்னொரு தொகுதி வரக்கூடாது. இரண்டும் ஒன்றாக வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்: சுவரில் ஒன்று இருக்க, காற்றில் நிற்கும் மற்றதைத் தொட்டால் அதிர்ச்சி. குலுக்கினால் உள்ளே கலகலக்கக் கூடாது.

எர்த் உண்டு என்று சொன்னால் மல்டிமீட்டரால் சரிபாருங்கள். பீப் ஒலிக்கும் நிலையில் ஒரு முனையை எர்த் துளைக்குள், மற்றதை வெளிப்பின் எர்த்தில் வையுங்கள். பீப் வர வேண்டும், தடை ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டால் இரண்டு நிமிட வேலை.

முத்திரைகளை எப்படிப் படிப்பது? சிஇ (CE) என்பது தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் உறுதிமொழி, அதை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சிங்கப்பூரின் சேஃப்டி மார்க், மலேசியாவின் சிரிம் (SIRIM), அமெரிக்காவின் யூஎல் (UL) அல்லது ஈடிஎல் (ETL), ஜெர்மனியின் விடிஈ (VDE) ஆகியவை வெளியார் சோதித்துத் தருபவை. இங்கே பிளக், சாக்கெட்டுக்கு ஐஎஸ் 1293 எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை. பிரிட்டிஷ் பயண அடாப்டருக்கென்று பிஎஸ் 8546 என்ற தரமே உண்டு. முத்திரையோடு தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், ஆம்பியர் மூன்றும் உடம்பிலேயே அச்சாகியிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது.

சதுரப் பின் அடாப்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பிரிட்டன் வீடுகளில் சாக்கெட்டுகள் 32 ஆம்பியர் வளையச் சுற்றில் இருக்கும். பிளக்கில் ஃபியூஸ் இல்லாவிட்டால் மெல்லிய சார்ஜர் கம்பி தீப்பற்றும் வரை அந்த 32 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. மாற்றக்கூடிய ஃபியூஸ் உள்ளதை எடுத்து, உதிரி ஒன்றையும் கூடவே வாங்குங்கள்.

ஆம்பியர் கணக்கு

அடாப்டரில் 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட், 120 வோல்ட்டில் 720 வாட். 10 ஆம்பியர் என்றால் 2300, 1200. லேப்டாப் சார்ஜர் சுமார் அரை ஆம்பியர்தான் இழுக்கும், எந்த அடாப்டரும் தாங்கும். கருகிய அடாப்டர்கள் பெரும்பாலும் கெட்டிலாலும் இஸ்திரிப் பெட்டியாலும் கருகியவை. தளர்வான இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாக வையுங்கள். அரை ஆம்பியரில் அங்கே பிறக்கும் வெப்பம் ஒரு வாட்டில் நாற்பதில் ஒரு பங்கு. 1500 வாட் கெட்டிலின் 6.5 ஆம்பியரில் 4 வாட்டுக்கு மேல், அதுவும் குண்டூசித் தலை அளவு இடத்தில். பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு நாறும். அறையிலேயே கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் தரும் விடுதிகள் எத்தனையோ உள்ளன, கேட்டுவிட்டுப் போங்கள்.

இங்கிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துப்போய் ஒரே அடாப்டரில் மாட்டுவது நல்ல உத்தி, சார்ஜர்கள் மட்டும் என்றால். சர்ஜ் காப்பு (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் உறுப்பு) உள்ள பாக்ஸில் மட்டும் எச்சரிக்கை. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் பாக்ஸை 230 நாட்டில் மாட்டினால் உள்ளே இருக்கும் காப்புறுப்பே எரியும். சொகுசுக் கப்பல்களில் சர்ஜ் காப்புள்ள பாக்ஸை அனுமதிப்பதில்லை, காப்பில்லாத சாதாரணப் பாக்ஸுக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன இடத்தில்

சிங்கப்பூரிலும் துபாயிலும் அடாப்டர் இல்லாதவர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. மேல் துளையில் பேனா முனையை விட்டுத் தடுப்பைத் திறந்து, இரட்டைப் பின்னை அழுத்திச் சொருகுவார்கள். ஃபியூஸ் இல்லை, பிடிப்பும் அரைகுறை, சாக்கெட்டின் உள்தகடும் விரிந்துவிடும். அடுத்து சரியான பிளக் போட்டாலும் அந்தச் சாக்கெட் சூடாகும்.

பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் சாக்கெட்டுக்குச் சுவிட்ச் இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அநேகமாக இருக்காது, எப்போதும் மின்சாரம் ஓடும். அங்கே முதலில் சார்ஜரை அடாப்டரில் மாட்டி, பிறகு இரண்டையும் சேர்த்துச் சுவரில் சொருகுங்கள். கழற்றும்போது அடாப்டரைப் பிடித்து இழுங்கள், கம்பியை அல்ல. அமெரிக்கச் சாக்கெட் பிடிமானம் குறைவு. கனமான அடாப்டரும் மேலே கனமான சார்ஜரும் சேர்ந்தால் இரவில் மெல்ல நழுவி, காலையில் கைபேசி 12 சதவீதத்தில் கிடக்கும். குட்டையான எக்ஸ்டென்ஷன் கம்பி ஒன்றை நடுவே போட்டு எடையைத் தரையில் வைத்துவிடலாம். ஜெர்மன் வட்டக் குழியில் கனசதுர அடாப்டரின் மூலைகள் இடித்து, பின் பாதிதான் உள்ளே போகும். லேசாகத் தொட்டு நிற்கும் அந்த நிலையில் பொறி பறந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

மாட்டி அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை, சீறும் ஒலி, பின்னில் கருமை இவற்றில் எது தெரிந்தாலும் அந்த அடாப்டரை மறுபடி மாட்டாதீர்கள். அறைச் சாவி அட்டையை எடுத்ததும் சாக்கெட்டுகளும் அணையும் விடுதிகள் பல. வெளியே போகும்போது சார்ஜில் போட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால், அட்டையை எடுத்த பிறகும் எந்தச் சாக்கெட் உயிரோடு இருக்கிறது என்று வரவேற்பறையில் கேளுங்கள். பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்கும் சாக்கெட்டாக இருக்கும்.